முதலில் அவர் பக்கம்

பத்து நாளாக அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை. தம்பி தும்மினால் எட்டிப் பார்த்தாள், தும்மாமல் இருந்தால் ஏன் சத்தத்தையே காணோம் என்று மறுபடி எட்டிப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற வேலையில் இருப்பவள், சொந்த வீட்டுக்குள் திருடியைப் போல நடமாடிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை ஆறரை மணிக்குத் தம்பி வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இடது கையை நீட்டினான்.

“அக்கா, இந்த சென்சார் ஒட்டு ஓரமா உரியுது பாரு.”

“புதுசு மாத்திக்கோயேன்.”

“புதுசு போட்டா அது கண்ணு திறக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும். சாயங்காலம் வந்து மாத்திக்கிறேன். நீ கொஞ்சம் அழுத்தி விடு, போதும்.”

கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். ஒட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனான்.

தம்பிக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய். மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை. உடம்பு இன்சுலினையே சுரக்காத வகை. இப்போது இருபத்து நான்கு வயது. கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளக்கும். இடுப்பில் செருகிய பம்ப் மெல்லிய குழாய் வழியாக இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடும். இரண்டுக்கும் நடுவில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி. அளவைப் பார்த்து, கூட்டு, குறை என்று பம்ப்புக்கு ஆணை போடுவது அந்தப் பெட்டிதான். இன்சுலின் கூடிப்போனால் சர்க்கரை சரிந்து ஆள் மயங்கி விழுவான். பல மணி நேரம் இன்சுலினே போகாவிட்டால் ரத்தம் அமிலமாகி வாந்தி வரும், மூச்சு இரைக்கும், அப்புறம் நினைவு தப்பும். இதற்கு நடுவில் இருக்கிற ஒற்றையடிப் பாதையில்தான் அவன் தினமும் நடந்து வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

அந்தப் பெட்டிக்குள் ஓடும் கம்ப்யூட்டர் நிரலை எந்தக் கம்பெனியும் எழுதவில்லை. சர்க்கரைக்காரர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் ஓய்வு நேரத்தில், ஒரு காசு வாங்காமல், இணையத்தில் கூடி எழுதியது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். ஆனால் திருத்தத்தை ஏற்றுச் சேர்க்கிற சாவி மூன்று பேரிடம்தான் இருந்தது. ஒருவர் இதையெல்லாம் தொடங்கிவைத்த கணக்கு டீச்சர். இன்னொருவர் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். சண்டை முற்றினால் விவாதப் பக்கத்தை இழுத்துப் பூட்டிவிடுவார் என்பதால் ‘பூட்டு’ என்றே பெயர் நின்றுவிட்டது. மூன்றாவது இவள். எதற்கெடுத்தாலும் “நிறுத்துங்க, யோசிப்போம்” என்பதால் ‘பிரேக்’. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. முகம் பார்க்காமல் இவ்வளவு சண்டை போட முடியுமா என்று கேட்டால், முகம் பார்க்காததால்தான் முடிந்தது.

சண்டை இதுதான். சென்சார் திடீரென்று பேசாமல் போனால் பெட்டி என்ன செய்ய வேண்டும்? பூட்டு எழுதிவைத்த பழைய முறைப்படி வழக்கமான மெல்லிய சொட்டு போய்க்கொண்டே இருக்கும். அவள் அனுப்பிய திருத்தம் வேறு: கண் தெரியாதபோது கையை எடு. அளவு திரும்பி வரும்வரை பம்ப்பை நிறுத்து.

அவளுக்கு இதில் சந்தேகமே கிடையாது. அவள் வேலை பார்த்தது லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் அழைப்பு அறையில். ஊரிலுள்ள நூற்று நாற்பது லிஃப்ட்களின் அவசர பட்டனும் அவள் மேசையில்தான் மணியடிக்கும். “பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க” என்று ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சொல்வாள். லிஃப்ட்காரர்களுக்கு ஒரே வேதம்தான்: எந்த மாடியில் இருக்கிறோம் என்று தெரியவில்லையா, நில். நின்ற லிஃப்ட்டில் ஆளுக்கு வேர்க்கும், அவ்வளவுதான். கண்மண் தெரியாமல் ஓடுகிற லிஃப்ட்தான் ஆளைக் கொல்லும்.

வேலையைவிடப் பெரிய காரணமும் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு தம்பி குளியலறையில் விழுந்து கிடந்தான். சென்சார் வாயடைத்துப்போன பிறகும் சொட்டு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தான். அவள் தோளால் முட்டி முட்டிக் கதவை உடைத்தாள். அவன் உடம்பு தண்ணீரில் கிடந்த துணி போலச் சில்லிட்டிருந்தது. வாயில் சர்க்கரையைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அவன் நினைவைத் திரும்பக் கொண்டுவந்தாள். அதிலிருந்து வீட்டில் ஓர் ஒப்பந்தம்: குளிக்கப் போகும்போது பம்ப்பையும் பெட்டியையும் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட வேண்டும், தாழ்ப்பாள் போடக்கூடாது. அவனும் ஒருநாள்கூட மீறியதில்லை.

அந்தக் குழுவில் சண்டை தீர்க்க டீச்சர் வைத்த விதி ஒன்று உண்டு. பெயர் ‘முதலில் அவர் பக்கம்’. இரண்டு பேர் முட்டிக்கொண்டால் ஓட்டெடுப்பு கிடையாது. ஒவ்வொருவரும் எதிராளியின் வாதத்தைத் தன் வார்த்தையில் எழுத வேண்டும். எதிராளி படித்துவிட்டு “ஆமா, இதுதான் நான் சொல்றது” என்று ஒப்புக்கொள்ளும்வரை தன் கட்சியைப் பேசக்கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். உங்கள் மாமியாரின் பக்கத்தை, மாமியாரே தலையாட்டும்படி எழுதிப் பாருங்கள், தெரியும்.

அவள் மூன்று தடவை எழுதினாள். முதல் தடவை, “பழகிய முறையை மாற்ற வேண்டாம் என்கிறார்” என்று எழுதினாள். “இல்ல, இது நான் சொன்னது இல்ல” என்றார் பூட்டு. இரண்டாவது தடவை எண்களும் வரைபடமுமாக இரண்டு பக்கம் எழுதினாள். “கணக்கு சரி. ஆனா இது நான் இல்ல” என்றார். மூன்றாவது தடவைக்கு வந்த பதிலைப் படித்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்க எழுதினதுல எல்லாம் இருக்கு, ஆள் மட்டும் இல்ல. ஒரு ஆளை வெச்சு எழுதுங்க. காலையில எத்தனை மணிக்குச் சாப்பிட்டான்னு உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்.”

மனுஷன் தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்கிறான், பேசுவது மட்டும் பெரிய ஞானி மாதிரி என்று திட்டிக்கொண்டே கம்ப்யூட்டரை மூடினாள். அன்றைக்கு மறுநாள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

குழுவின் முதல் விதி, மற்ற எல்லா விதிக்கும் மேலே தடித்த எழுத்தில் இருப்பது: முடிவாகாத நிரலை உடம்பில் ஏற்றாதே. அதை எழுதியபோது கூடவே இருந்தவள் இவள். அவளே, தம்பி குளிக்கப் போன பத்து நிமிடத்தில், கையில் கொடுத்துவிட்டுப் போன பெட்டியைக் கம்ப்யூட்டர் வயரில் செருகி, தன் திருத்தத்தை உள்ளே ஏற்றினாள். பூட்டு தலையாட்டும்வரை தம்பி உயிர் காத்துக்கொண்டிருக்குமா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் “முடிவாகட்டும் அக்கா” என்பான், அவன் சுபாவம் அது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் கையில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தில் என்ன இருந்ததோ, “என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்று கேட்டான். “பசி” என்றாள்.

அந்தப் பத்து நாளில் சென்சார் ஒருமுறையும் பேச்சை நிறுத்தவில்லை. அவள் ஏற்றிய திருத்தத்துக்கு வேலையே வரவில்லை.

அன்று மதியம் ஒரு மணிக்கு, அழைப்பு அறையில் மணி எதுவும் அடிக்காத நேரத்தில், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் தள்ளிவைத்துவிட்டு நான்காவது தடவை எழுத உட்கார்ந்தாள். ஆளை வைத்து எழுதச் சொன்னார் அல்லவா, வைத்துவிடுவோம் என்ற கோபத்தில் தொடங்கினாள்.

‘ஒருவன் காலை ஆறு மணிக்குச் சாப்பிட்டான். ஏழு மணிக்கு வேலைக்குப் போனான்.’ எழுதும்போது மனதில் தம்பிதான் வந்தான். வேறு யார் சாப்பிட்ட நேரம் அவளுக்குத் தெரியும்? தம்பி வேலை பார்ப்பது மாத்திரைகளை அட்டையில் அடைக்கிற தொழிற்சாலையில். அங்கே லிஃப்ட் பார்க்கப் போன இவள் கம்பெனி மெக்கானிக் சொல்லித்தான் ஆள் எடுக்கிறார்கள் என்றே தெரிந்தது. உள்ளே தூசி போகக்கூடாது. தலை முதல் கால்வரை மூடும் அங்கி போட வேண்டும், போனை வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

‘அவன் போனை வாசலில் பூட்டிவிட்டான். சென்சார் பேச்சை நிறுத்தினால் பெட்டி எச்சரிக்கை அனுப்பும். அனுப்புவது போனுக்கு. போன் பூட்டிய பெட்டிக்குள் அதிரும். பம்ப் கத்தாது, நில் என்ற ஆணையை அது ஒழுங்காக நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது, கத்த அதற்கு என்ன இருக்கிறது?’

விரல்கள் மெதுவாயின.

‘வீட்டில் அவன் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களும் பயப்பட மாட்டார்கள். அளவு போன் வழியாகத்தான் வீட்டுக்கு வரும். வேலை நாளில் அந்த அளவைக் காட்டும் இணையப் பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.’

அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். காலியாக இருந்தது. தினமும் பார்க்கிற அதே காலி.

‘அங்கி இறுக்கமானது. போடும்போது கையை உரசும். அவன் கையில் ஒட்டு ஏற்கெனவே ஓரமாக—’

அதற்கு மேல் எழுத வரவில்லை. கட்டைவிரலால் அழுத்திவிட்டது ஞாபகம் வந்தது.  இல்லை, ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், நாம்தான் கற்பனை செய்கிறோம், எழுதச் சொன்னால் கதையா எழுதுவது என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் பேசவே இல்லை, மணியை மட்டும் பார்த்தது. ஒன்று இருபது. ஏழரைக்கு உரிந்திருந்தால் ஆறு மணி நேரம் ஆகப்போகிறது. இன்சுலின் ஒரு சொட்டு இல்லாமல்.

தொழிற்சாலை வாசலுக்குப் போன் போட்டாள். காவலாளி எடுத்தார்.

“ஷிஃப்ட் முடியற வரைக்கும் உள்ள இருக்கிற ஆளைக் கூப்பிட முடியாதுங்க.”

“அவனுக்கு உடம்பு சரியில்லங்க. ஒருத்தர் போய்ப் பார்த்தா போதும்.”

“சரியில்லைன்னு அவரு சொன்னாரா?”

“இல்ல. எனக்குத் தெரியும்.”

“வீட்டுல இருந்தே உங்களுக்கு எப்படிங்க தெரியும்? சூப்பர்வைசர் மீட்டிங்ல இருக்காரு, வந்ததும் சொல்றேன். லைன்ல இருங்க.”

லைனில் பாட்டு ஓடியது. அடைபட்ட லிஃப்ட்டுக்குள்ளிருந்து எத்தனையோ பேர் அழுது, கத்தி, அவளைக் கெட்ட வார்த்தையில் ஏசியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் பொறுமையாகப் பேசியிருக்கிறாள். இப்போதுதான் அந்தக் கத்தல் தொண்டையில் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தது.  போனை ஒரு காதில் வைத்தபடி வெறித்துப் பார்த்த இடத்தில்தான் மேசைப் பலகை இருந்தது. நூற்று நாற்பது சின்ன விளக்குகள். அதில் இரண்டு அந்தத் தொழிற்சாலையினுடையவை.

லிஃப்ட்டுக்குள் இருந்து அவளைக் கூப்பிடலாம் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்தும் லிஃப்ட்டுக்குள் கூப்பிடலாம் என்பது தெரிந்தவர்கள் குறைவு. உள்ளே ஆள் மாட்டியிருந்தால் ஒழியக் கூப்பிடக் கூடாது என்பது கம்பெனி விதி. பத்து நாளில் இரண்டாவது விதியை உடைத்து அந்தப் பட்டனை அழுத்தினாள்.

“லிஃப்ட்டுல யாராவது இருக்கீங்களா?”

கதவு திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். யாரும் இல்லை. காலிப் பெட்டி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. “யாராவது இருக்கீங்களா? தயவு செஞ்சு பேசுங்க.” இரண்டாவது லிஃப்ட்டுக்கும் போட்டாள். அங்கேயும் மோட்டார் இரைச்சல்தான். நான்கு நிமிடம் இப்படியே இரண்டு காலிப் பெட்டிகளிடம் கெஞ்சினாள். ஐந்தாவது நிமிடம் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.

“ஐயோ, யாரு பேசறது?” என்றது ஒரு பெண் குரல். “லிஃப்ட் நல்லாத்தானே போகுது? நான் எந்த பட்டனையும் அமுக்கலையே!”

“அம்மா, பயப்படாதீங்க. நான் லிஃப்ட் கம்பெனியில இருந்து பேசறேன். என் தம்பி உங்க கம்பெனியிலதான், அட்டை அடைக்கிற இடத்துல. ஒல்லியா, உயரமா, இடுப்புல ஒரு மிஷின் மாட்டியிருப்பான்.”

“அந்தப் பையனா? அவனுக்குத்தான் மதியம் வாந்தி வந்துடுச்சே. கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கலைன்னு ஓய்வறையில படுக்க வெச்சிருக்காங்க. மூச்சு வாங்கிட்டுக் கெடந்தான், பாவம். நல்லா தூங்கட்டும்னு நான்தான் லைட்டை அணைச்சிட்டு வந்தேன்.”

அவளுக்கு உலகமே ஒரு மாடி கீழே இறங்கியது.

“அவனைத் தூங்க விடாதீங்கம்மா! ஓடிப் போய் எழுப்புங்க. அது சாப்பாட்டுனால இல்ல. ஆம்புலன்ஸ் நான் அனுப்பறேன், கேட்டைத் திறக்கச் சொல்லுங்க. அவன் பையில பேனா மாதிரி இன்சுலின் ஊசி ஒண்ணு இருக்கும். ‘அக்கா சொன்னா, சென்சார் கழண்டுடுச்சு, பம்ப் நின்னுடுச்சு’ன்னு அவன்கிட்ட சொல்லுங்க. அது போதும், மீதியை அவனே பார்த்துப்பான். அவன் பேசலைன்னா—” அந்த வாக்கியத்தை முடிக்க அவளுக்குத் தெரியவில்லை.

“பேசுவான், பேசுவான்” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா ஓடியது கேட்டது. தள்ளுவண்டி கதவுக்கு நடுவே நின்றுவிட்டது போலிருக்கிறது. கதவு அதில் முட்டி முட்டித் திறந்துகொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு இரண்டு கையிலும் குழாய் இறங்கியிருந்தது. உதடு வெடித்து வெளுத்திருந்தது. ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கிக்கொண்டே கிடந்தான். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான், அடையாளம் தெரிந்தது என்பதுபோல ஒரு விரலை அசைத்தான். அங்கியின் கைக்குள்ளிருந்து எடுத்த சென்சார் ஒரு சின்னத் தட்டில் கிடந்தது. ஒட்டில் அவன் கை ரோமம் இரண்டு.

“பம்ப் எவ்வளவு நேரமா நின்னிருந்தது?” என்று டாக்டர் கேட்டார்.

பெட்டியின் பதிவை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். “ஏழு ஐம்பதுல இருந்து” என்றாள்.

“சென்சார் போனா வழக்கமான அளவுக்குப் போயிடணுமே. யார் அதை நிறுத்தி வெச்சாங்க?”

“சென்சார் கழண்டுடுச்சு டாக்டர்” என்றாள். பொய் இல்லை. பொய் இல்லாததுதான் அதில் இருந்த அசிங்கம். டாக்டர் எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் சொந்த ஊரில் இருக்கும் அம்மா போன் செய்து, அழுது ஓய்ந்து, “நீ பக்கத்துல இருக்கிறதாலதான் அவன் உசுரோட இருக்கான்” என்றாள். அக்கா போனை மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொள்ளப் போனாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் பழைய நிரலை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. அந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. இரண்டு மணி நேரம் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் வார்டு வராந்தாவில் கம்ப்யூட்டரைத் திறந்து, மதியம் பாதியில் நின்ற வாக்கியத்திலிருந்து எழுதினாள். ஆளின் பெயரை மட்டும் மாற்றினாள்: ஒருவன் என்று இருந்த இடத்தில் எல்லாம் என் தம்பி. கடைசியில், ‘இந்த ஆணையை அவன் பெட்டியில் ஏற்றியது நான். அவனுக்குத் தெரியாமல் ஏற்றினேன்’ என்று எழுதி அனுப்பினாள். சொந்தத் தம்பியிடம் சொல்லும் முன்பு, முகம் தெரியாதவர்களிடம் சொன்னாள். முகம் தெரிந்தவனிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது.

பூட்டு உடனே பதில் போட்டார். “ஆமா. இதுதான் நான் சொல்றது.” அதற்குக் கீழே, “தம்பி எப்படி இருக்கார்?” அதற்கும் கீழே, சற்று நேரம் கழித்து: “என் பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. குழாய் மடங்கி அஞ்சு மணி நேரம் இன்சுலின் போகல. பள்ளிக்கூடத்துல வயித்துவலின்னு படுக்க வெச்சிருந்தாங்க. இப்ப பதினொண்ணு, நல்லா இருக்கா. இதை எழுத எனக்கு வரலை, அதான் உங்களை எழுத வெச்சேன். மன்னிச்சுக்கோங்க.”

பிறகு விதிப்படி அவள் பக்கத்தை அவர் எழுதினார். இரண்டே வரி. ‘சொட்டு போய்க்கொண்டிருந்தபோது தன் ஆள் குளிர்ந்து கிடந்ததைப் பார்த்தவள் இவள். நின்றால் காப்பாற்ற நேரம் இருக்கும், ஓடினால் இருக்காது என்று நம்புகிறாள்.’ அவள் ‘ஆமா’ என்று போட்டாள். மூன்று வாரச் சண்டை அரை மணி நேரத்தில் முடிந்தது. நிற்பதா ஓடுவதா என்பதைப் பெட்டியைக் கட்டியிருப்பவரே முதல் நாள் தேர்ந்தெடுக்க வேண்டும். எதுவானாலும் பம்ப்பே வாய்விட்டுக் கத்த வேண்டும், போனை நம்பக்கூடாது. மூன்று பேரில் ஒருவருக்கும் இது முன்பே தோன்றவில்லை. கடைசியாக டீச்சர் அவளுக்குத் தனியாக எழுதினார். “உன் சாவியை எடுத்துட்டேம்மா. முதல் விதி. கோவிச்சுக்காதே.” அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் முழுக்கத் தம்பி அவளிடம் பேசவில்லை. மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கப் பிடித்ததை நினைப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

மூன்றாம் நாள் காலை குழாய்களைக் கழற்றிவிட்டு, புது சென்சார் ஒட்டி, பம்ப்பை மறுபடி மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் அவளுடைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, பழைய நிரலைத் தானே பெட்டியில் ஏற்றினான். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“உனக்கு…”

“படிச்சேன்” என்றான். “உங்க குழுவுல நாலு வருஷமா எழுதாம படிச்சிட்டுத்தான் இருக்கேன். கேட்ல இருந்து போனைக் கொண்டுவந்து குடுத்தாங்கல்ல, நேத்து விடியக்காலையிலேயே படிச்சிட்டேன்.”

“நான் உன்கிட்ட சொல்லணும்னுதான்…”

“உன் பக்கத்தைப் பேசாத. உங்க விதி அப்படித்தானே? முதல்ல என் பக்கத்தை எழுது.” மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பேனாவை அவள் கையில் வைத்தான்.

‘நீ என்னைச் சாகடிக்கப் பார்த்தாய்’ என்று எழுதினாள். 

“இல்ல. இது நான் சொல்றது இல்ல” என்றான்.

‘நீ என்னிடம் மறைத்தாய்.’

அவன் சீட்டைத் தன் பக்கம் இழுத்துப் படித்தான். “இல்ல. பாதி.”

மூன்றாவது தடவை அவளுக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. ஒரு ஆளை வைத்து எழுதுங்கள் என்று பூட்டு சொன்னது ஞாபகம் வந்தது. அவன் குளித்துவிட்டு வந்து ஈரக் கையை நீட்டி நின்றது ஞாபகம் வந்தது. சிறுபிள்ளை எழுதுவதைப் போல ஒவ்வொரு வார்த்தையாக எழுதினாள். ‘உலகத்தில் நான் என் பெட்டியைக் கழற்றிக் கொடுப்பது உன் ஒருத்தியிடம்தான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் நீ அதைத் தொட்டுவிட்டாய். இனிமேல் குளிக்கப் போகும்போது நான் இதை எங்கே வைப்பேன்?’

அவன் படித்தான். 

“ஆமா” என்றான்.

அந்த ஆமாவுக்காகத்தான் எழுதினாள். வந்தபோது அதைத் தாங்க அவளிடம் பலம் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். மூன்று நாள் வியர்வை, குளிக்க வேண்டும். இடுப்பிலிருந்து பம்ப்பையும் பெட்டியையும் கழற்றினான். பழக்கத்தில் கை அவள் பக்கம் நீண்டது, நடுவில் நின்றது. பிறகு அவளைத் தாண்டிப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனான். அங்கே காலில் கட்டோடு ஒரு பஸ் டிரைவர் படுத்திருந்தார்.

“அண்ணே, இதைப் பத்து நிமிஷம் வெச்சிருக்கீங்களா? கீழ போட்டுடாதீங்க.”

“குடுப்பா” என்று அவர் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். எதற்கு இது, என்ன என்று எதுவும் கேட்கவில்லை.

குளியலறைக் கதவு மூடியது. அவள் கட்டில் விளிம்பில் அசையாமல் உட்கார்ந்து, அந்தக் கதவையே பார்த்தாள். இந்த ஆஸ்பத்திரித் தாழ்ப்பாள் பெரியது, போட்டால் வார்டு முழுக்கக் கேட்கும். காலையிலிருந்து எத்தனையோ பேர் போட்டுக் கேட்டிருந்தாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை.